இடப்பக்கத்து ஒடுக்கு

சண்டை நடந்தபோது பட்டறையில் இருந்தவர்கள்:

ஒடுக்கெடுப்பவன். நாற்பத்தாறு வயது. நசுங்கிய வண்டித் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. இடது கைக்காரன் என்பதால் எல்லோருக்கும் அவன் பீச்சாங்கை. சுத்தியலில் அவனுக்கு நிகரான ஆள் அந்தத் தெருவில் கிடையாது. கோபத்திலும் கிடையாது.

மச்சான். அவன் மனைவியின் தம்பி. வெல்டிங் வேலை. மாமாவிடம் மரியாதையும் உண்டு, பயமும் உண்டு. அன்று மதியத்துக்குப் பிறகு பயம் போய்விட்டது.

பெயிண்டர். வாய் மூடாதவன். அன்று மூடவைத்தார்கள், இரண்டு பல் போயிற்று.

கொழுந்தியாள். மனைவியின் தங்கை. சுகாதார நிலையத்தில் நர்ஸ். படம் போட்ட அட்டைகளோடு வந்திருந்தாள்.

மனைவி. சண்டை நடக்கும்போது மாடி வீட்டில் இருந்தாள். கீழே இறங்கி வந்து முடித்து வைத்தவள் அவள்தான், அதனால் அவளையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சுவரில் தொங்கிய ஒரு பழைய கார்க் கதவு. அங்கே இருந்ததிலேயே அது ஒன்றுதான் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

சாப்பிட்டு முடித்து டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்த நேரம். கூரைத் தகரம் வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. நடுவில் பாதி உரித்த வேன் ஒன்று, ஒரு விளக்கு பிதுங்கித் தொங்க, நின்றது. கொழுந்தியாள் தன் அட்டைகளை அதன் பக்கவாட்டில் காந்தம் வைத்து ஒட்டினாள். காந்தம் கொடுத்தது பெயிண்டர். பெண்பிள்ளை யாராவது பட்டறைக்குள் வந்தால் காந்தம், நாற்காலி, குடிக்கத் தண்ணீர் எல்லாம் அவன் கைக்கு எங்கிருந்தோ வந்துவிடும்.

"தோல் புற்றுநோயா?" அட்டையைப் படித்துவிட்டு அவன் கேட்டான். "எங்களுக்கு ஏது சிஸ்டர் தோலு? எல்லாம் தின்னரும் பட்டியும்தான். சுரண்டிப் பாருங்க, மூணு கோட் பெயிண்டுக்குக் கீழதான் மனுஷன் தட்டுப்படுவான்."

மச்சான் சிரித்தான். பீச்சாங்கை சிரிக்கவில்லை. ஆயில் டிரம்மின் மேல் உட்கார்ந்து, இடது பெருவிரலை மற்ற நாலு விரலுக்குள் மடக்கி வைத்திருந்தான்.

"தங்கச்சி வர்றா, அரை மணி நேரம் பேசிட்டுப் போயிடுவா" என்று காலையில் மனைவி சொன்னபோதே அவனுக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணம் நகத்துக்குள் இருந்தது.

பதினாலு மாதத்துக்கு முன்னால் அந்தக் கறுப்பு பென்சில் கோடு போலத்தான் இருந்தது. இப்போது பாதி நகத்துக்குப் பரவிவிட்டது. அடியில், நகமும் தோலும் சேருகிற இடத்தில், மை கசிந்தது போலத் தோலுக்கும் இறங்கியிருந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால், உதிரிபாகம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு டாக்டரிடம் போய்க் காட்டினான். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். கெட்டது என்று தெரிந்தால் விரலின் நுனியை எடுக்க வேண்டி வரலாம், தள்ளிப் போட்டால் விரலோடு நிற்காது, உயிருக்கே வந்துவிடும் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னதில் விரல் போகும் என்பது மட்டும்தான் இவன் காதில் ஏறியது. பெருவிரல் இல்லாத கையில் சுத்தியல் நிற்காது. சுத்தியல் நிற்காத கையோடு அந்தப் பட்டறையில் அவனுக்கு என்ன வேலை? வண்டி துடைப்பதா? சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

பட்டறையில் யாரும் கேட்கவும் இல்லை. அங்கே கறுத்த நகம் இல்லாத ஆள் கிடையாது. ஒரு கையில் சுத்தியல், மறு கையில் தகரத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டை. கண் ஒரு நொடி தப்பினால் கட்டை பிடித்த கையின் பெருவிரல் சட்னிதான். அதற்கென்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. நகத்தில் போட்டுக்கொண்டவன், எல்லோரும் பார்க்க, சுவரில் தொங்கும் அந்தப் பழைய கதவில் ஓங்கி ஓர் அடி அடிக்க வேண்டும். இடது கை நகமென்றால் கதவின் இடப்பக்கம், வலது கை நகமென்றால் வலப்பக்கம். விழுந்த ஒடுக்குக்குப் பக்கத்தில் தேதியையும் தன் அடையாளத்தையும் பெயிண்டில் எழுத வேண்டும். அன்றைக்கு முதல் டீ அவனுக்கு. புது நகம் முளைத்து வந்ததும் அவனே அந்த ஒடுக்கைத் தட்டி நிமிர்த்தி, எழுத்தை அழித்துவிட வேண்டும். ஒடுக்கெடுக்கிற பட்டறையில் ஒடுக்கு நிற்கக் கூடாது என்பது கணக்கு.

நகம் கறுத்ததைப் பார்த்த அன்றைக்கு இவனையும் பிடித்து இழுத்துக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அடிபட்டதாக அவனுக்கு ஞாபகம் இல்லை. சுத்தியல் பட்டிருக்கும் என்று சொல்லி, தானும் அப்படியே நினைத்துக் கதவில் அடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

கொழுந்தியாள் ஆரம்பித்தாள். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நீட்டி முழக்கவில்லை.

"இது வெயில்ல வெந்து போற வெள்ளைத்தோலுக்காரங்க நோய், நமக்கு வராதுன்னு நினைச்சுக்காதீங்க. நமக்கும் வரும். ஆனா நம்ம மாதிரி நிறத்துக்கு அது யாரும் பார்க்காத இடமா பார்த்து வந்து உக்காரும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. அதனாலதான் நம்ம ஆளுங்க எல்லாம் முத்தின பிறகு வந்து நிக்கிறாங்க."

"என் உள்ளங்காலை என் பொண்டாட்டியே பார்த்ததில்ல" என்றான் பெயிண்டர்.

"இன்னிக்குப் பார்க்கச் சொல்லுங்க. புதுசா ஒரு மச்சம், வடிவம் கோணலா, ரெண்டு மூணு நிறமா, நாளுக்கு நாள் பெருசாச்சுன்னா வாங்க. நாலு வாரத்துல ஆறாத புண்ணா இருந்தாலும் வாங்க. பழைய தீக்காயத் தழும்பு திரும்பத் திரும்ப உடையுதுன்னாலும் வாங்க." தம்பியின் பக்கம் திரும்பினாள். "டேய், அந்தக் கழுத்தைக் காட்டு."

மச்சான் சட்டைக் காலரை இழுத்தான். கழுத்துக்குக் கீழே முக்கோணமாகத் தோல் சிவந்து உரிந்திருந்தது.

"மூஞ்சிக்கு மட்டும் கண்ணாடி போட்டா போதுமா? வெல்டிங் வெளிச்சம் சூரியனை விட மோசம்டா. மேல் பட்டனைப் போடு. முழுக்கைச் சட்டை போடு. பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒரு திரை கட்டு."

"இந்தப் புழுக்கத்துல மேல் பட்டனைப் போட்டா புற்றுநோய் வர்றதுக்கு முன்னாடியே செத்துருவேன்க்கா."

"சாவறதுன்னா எல்லாம் போட்டுக்கிட்டு சாவு."

பெயிண்டர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். பீச்சாங்கை வாசலைப் பார்த்தான். எழுந்து போகலாம். எழுந்து போனால் மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். உட்கார்ந்தே இருந்தான்.

அவள் கடைசி அட்டையைப் புரட்டினாள். ஒரு பெருவிரல் படம். அவனுடைய விரலையே படம் பிடித்துப் பெரிதாக்கி ஒட்டியது போல இருந்தது.

"உங்க தொழில்ல எல்லார் நகமும் கறுத்திருக்கும். அதுலதான் ஏமாந்து போவீங்க. அடிபட்டுக் கட்டின ரத்தம்னா அது நகத்தோடயே மேல நகரும். ஆறேழு மாசத்துல நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுப் போயிடும். போகாம அங்கேயே நின்னா, அகலமாச்சுன்னா, அடித்தோலுக்கு வழிஞ்சா, அது அடி இல்ல."

பெயிண்டருக்குத்தான் முதலில் தோன்றியது. வேண்டுமென்று செய்யவில்லை. விளையாட்டுப் புத்தி.

"அப்ப நம்ம கதவே ஒரு டாக்டர்தான் சிஸ்டர்" என்று எழுந்து போய்க் கதவைத் தடவினான். "இதோ, என்னுது நிமித்தியாச்சு. இவனுது நிமித்தியாச்சு. இதுவும் ஆச்சு... இது யாரோடது, தேதியே மங்கிப் போச்சே?" குனிந்து பார்த்தான். "வட்டம் போட்டிருக்கு. அண்ணே, உங்களுது. பதினாலு மாசம் ஆச்சு."

"நிமித்த மறந்துட்டேன்."

"நீங்களா? ஊரான் வண்டியில ஊசி முனை ஒடுக்கைக்கூட விடமாட்டீங்க."

"மாமா" என்றான் மச்சான், மெதுவாக. "கையைக் காட்டுங்க."

"வேலையைப் பாருடா."

"காட்டுங்க மாமா."

"அடிபட்ட நகம்டா! அதே இடத்துல திரும்பத் திரும்பப் படுது. இதுல காட்டுறதுக்கு என்ன இருக்கு?"

பெயிண்டர் இன்னும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்திலிருந்த சிரிப்பு வழிந்து போயிருந்தது.

"அண்ணே. உங்க ஒடுக்கெல்லாம் எப்பவும் வலப்பக்கம்தானே இருக்கும்? நீங்க பீச்சாங்கை. சுத்தியல் இடது கையில. கட்டை வலது கையில. இது இடப்பக்கம் விழுந்திருக்கு." திரும்பினான். "சுத்தியல் பிடிச்ச கையிலயே சுத்தியல் அடி எப்படிண்ணே படும்?"



"பானெட் விழுந்துச்சு" என்றான் பீச்சாங்கை.

"அன்னிக்குச் சுத்தியல்னு சொன்னீங்களே. நான்தானே உங்களுக்கு முதல் டீ..."

அவ்வளவுதான் சொன்னான். பீச்சாங்கை டிரம்மிலிருந்து எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. குத்து வாயில் விழுந்தது. பெயிண்டரின் தலை கதவில் மோதி, கதவு கணீரென்றது. இரண்டாவது குத்துக்கு அவன் மடங்கினான். மூன்றாவது அவன் மடங்கிய பிறகு விழுந்தது. வாயிலிருந்து கொழகொழவென்று ரத்தமும் அதோடு வெள்ளையாக ஏதோவும் தரையில் விழுந்தன.

மச்சான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். பீச்சாங்கை தலையைப் பின்னுக்கு ஓங்கி ஓர் இடி இடித்தான். மூக்கெலும்பு உடைகிற சத்தம் அவன் மண்டைக்குள்ளேயே கேட்டது. பிடி தளரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பின்னால் சாய்ந்து வேனில் மோதினார்கள். அட்டைகள் சரிந்து காலடியில் விழுந்தன. அவன் மச்சானின் விலாவில் முழங்கையால் இடித்தான், திரும்பவும் இடித்தான், கண் மண் தெரியவில்லை. யாரை அடிக்கிறோம், எதற்கு அடிக்கிறோம் என்பதெல்லாம் போய், அடிக்கிறவரை யாரும் கையைப் பார்க்க மாட்டார்கள் என்பது ஒன்றுதான் தலைக்குள் நின்றது.

அப்போதுதான் கொழுந்தியாள் குறுக்கே வந்தாள். விலக்க வரவில்லை. நேராக அவனுடைய இடது கையைப் பிடித்தாள். தினம் நூறு முரண்டு பிடிக்கிற பிள்ளைகளுக்கு ஊசி போட்டுப் பழகிய பிடி. மடங்கிய பெருவிரலைக் கட்டையை நெம்புவது போல நெம்பி எடுத்தாள். ஒரு நொடிதான் பார்த்தாள்.

அவன் கையை உதறி வீசினான். அவள் பறந்து போய்ப் பட்டறை மேசையில் விழுந்தாள். இரும்பு பிடிக்கும் இடுக்கியின் விளிம்பு அவள் புருவத்தைக் கிழித்தது. தரையில் சரிந்து உட்கார்ந்தாள். ரத்தம் கண்ணில் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"தோலுக்கு வந்துருச்சு மாமா" என்றாள்.

இவன் அவளைப் பார்த்தான். எட்டு வயதில் இவன் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளை. ஒரு நொடி நின்றான். அந்த ஒரு நொடி மச்சானுக்குப் போதுமாக இருந்தது. கீழே கிடந்த இரும்புக் குழாயை எடுத்து முழங்காலுக்குப் பின்னால் வீசினான். பீச்சாங்கை முட்டி போட்டு விழுந்தான். அடுத்த அடி முதுகில். அடுத்தது தோளில்.

"எங்கக்காளையா? எங்கக்காளையா அடிக்கிற?" மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக ஒழுக மச்சான் கத்தினான். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக மரியாதை விட்டுப் பேசினான். நாலாவது அடிக்கு ஓங்கினான். பெயிண்டர் தரையில் கிடந்தபடியே அவன் காலைப் பிடித்துக்கொண்டு, ஓட்டை வாயால், "போதும்ப்பா, செத்துருவான்" என்றான்.

பீச்சாங்கை எழுந்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவன் கையில் சுத்தியல் இருந்தது. அவனுடைய சொந்தச் சுத்தியல், பிடி வழவழவென்று தேய்ந்தது. மூன்று பேரும் மூச்சை அடக்கினார்கள். மச்சான் குழாயை இரண்டு கையாலும் பிடித்தான்.

ஆனால் அவன் யார் பக்கமும் வரவில்லை. சுத்தியலை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினான். தகரம் தட்டுகிற இரும்புக் கல்லின் மேல் இடது பெருவிரலை வைத்தான். கறுத்த நகம் மேலே பார்த்தது.

"அடிதானே வேணும் உங்களுக்கு? சுத்தியல் அடிதானே?" குரல் உடைந்திருந்தது. "இப்ப பட்டுச்சுன்னு எழுதிக்கோங்கடா."

ஓங்கி அடித்தான்.

அந்த வலது கை வாழ்க்கையில் ஓர் ஆணியைக்கூட ஒழுங்காக அடித்ததில்லை. சுத்தியல் ஒரு விரற்கடை தள்ளி இறங்கியது. ஆட்காட்டி விரலின் நடுக்கணு நொறுங்கி, தோல் பிளந்து, உள்ளே இருந்த வெள்ளை வெளியே தெரிந்தது. பெருவிரலில் ஒரு கீறல் இல்லை. நகம் இருந்தபடியே, கறுப்பு இருந்தபடியே, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவன் அலறினான்.

மனைவி மாடிப்படியில் இறங்கி வந்து நின்றாள். எதிரில் ரத்த வாயோடு பெயிண்டர், உடைந்த மூக்கோடு தம்பி, கிழிந்த புருவத்தோடு தங்கை, கையைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு குனிந்து ஆடுகிற புருஷன். கத்தவில்லை. தங்கையிடம் போய் முந்தானையால் அவள் நெற்றியை அழுத்தினாள். "நீயே பிடிச்சுக்கோ" என்று அவள் கையை எடுத்து அங்கே வைத்துவிட்டு, புருஷனிடம் வந்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவன் கையைச் சுற்றினாள். பெருவிரலை மட்டும் வெளியே விட்டுச் சுற்றினாள்.

"நான்தான் அவளை வரச் சொன்னேன்" என்றாள்.

"உனக்கு..."

"டாக்டர் சீட்டு ஏழு மாசமா என்கிட்டதான் இருக்கு. உங்க சட்டையைத் துவைக்கிறது யாருன்னு நினைச்சீங்க?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"மூணு தடவை கேட்டேன். மூணாவது தடவை என்ன நடந்துச்சுன்னு சமையல்கட்டுச் சுவத்துல இருக்கிற ஓட்டையைக் கேளுங்க."

அன்று அவன் விட்டெறிந்த தட்டு அவள் காதை உரசிக்கொண்டு போனது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

மச்சான் பட்டறைக் காரை வாசலுக்குக் கொண்டுவந்தான். பெயிண்டர் முன்சீட்டில் ஏறி வாயைத் துணியால் அடைத்துக்கொண்டான். கொழுந்தியாள் தன் அட்டைகளைப் பொறுக்கி, காலடித் தடம் பதிந்ததைக்கூட விடாமல் பையில் போட்டாள். பீச்சாங்கை ஷட்டரில் இருந்த சின்னக் கதவு வரைக்கும் நொண்டிக்கொண்டு வந்து நின்று, பின்னாலேயே வந்த மனைவியிடம் திரும்பினான்.

"விரலுக்குக் கட்டுப் போட்டுட்டு வந்துடறேன். வேற எதைப் பத்தியும் அங்க பேசக் கூடாது. உன் தங்கச்சிகிட்டச் சொல்லிடு."

"அவதான் பேசப் போறா. டாக்டர் சீட்டை இப்பதான் அவ பையில போட்டேன்."

"அப்ப நான் போகல." திரும்பி மாடிப்படியைப் பார்த்து ஓர் அடி வைத்தான். அவள் குறுக்கே நின்றாள்.

"தள்ளு."

"மாட்டேன்."

அவன் கையை ஓங்கினான். இடது கை துண்டுக்குள் இருந்ததால் வலது கை.

அவள் நகரவில்லை. "அடிங்க. அந்தக் கைதானே? குறி தப்பும்."

வாசலில் நின்ற காருக்குள் பெயிண்டர் வலியோடு ஒரு சத்தம் போட்டான். அது சிரிப்பாகவும் இருக்கலாம். ஓங்கிய கை கொஞ்ச நேரம் மேலேயே நின்று, எங்கே வைப்பது என்று தெரியாமல், கீழே வந்தது.

"இது போயிட்டா நான் என்ன செய்வேன்?" பெருவிரலைக் காட்டினான். அவளுக்கு அதை அவனாகக் காட்டியது அதுதான் முதல் தடவை. "சொல்லு. என்ன செய்வேன்?"

"வலது கையில பழகுங்க. இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கீங்களே." அவள் குரல் அதற்கு மேல் நிற்கவில்லை. பல்லைக் கடித்து நிறுத்தினாள். "கேட்டுக்கோங்க. விரலுக்கு மட்டும் கட்டுப் போட்டுட்டு வந்தா இந்தக் கதவு திறக்காது. அந்த நகத்துல துண்டு வெட்டிப் பரிசோதனைக்குக் கொடுத்துட்டு வந்தாத்தான் திறக்கும். நீங்க தட்டினாலும் சரி, உடைச்சாலும் சரி."

"இது என் பட்டறைடி."

"ஆமா. அதனாலதான் சாவி என்கிட்ட இருக்கு."

நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். அடிபட்ட முழங்கால் மடங்க, அவன் படியைத் தாண்டி வெயிலில் போய் விழாமல் நின்றான். காரின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே கொழுந்தியாள் நெற்றியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினாள்.

அவனுக்குப் பின்னால் கதவு மூடியது. போன வருடம் அவன் தட்டி நேராக்கிய தாழ்ப்பாள், சிக்காமல் ஓடிப் பொருந்தியது. பிறகு பூட்டில் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.